ரஃப்ஹாவுக்கும் அராருக்கும் நடுவில் எங்கே சாப்பிடுவது

வடக்கு லைனுக்குப் புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் வண்டிச் சாவி வாங்கும்போது ரோட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "அண்ணே, ரஃப்ஹா தாண்டிட்டா எங்க சாப்பிடறது?" என்றுதான் கேட்கிறார்கள். "பங்க்ல கிடைக்கும்" என்று சொல்லிச் சாவியை நீட்டிவிடுவேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. இந்த ஆளுக்கு என்ன தலைக்கனம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். தலைக்கனம் இல்லை, கூச்சம்.

பத்தொன்பது வருடம் ட்ரெய்லர் ஓட்டினேன். அதில் பதினொரு வருடம் வடக்கு லைன். ஷார்ஜாவில் லோடு ஏற்றி, சவூதியைக் குறுக்கே கடந்து, அராருக்கு வடக்கே ஈராக் எல்லையில் போய் நிற்கிற வேலை. சர்க்கரை கண்ணைப் பிடித்ததால் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு வருடமாக யார்டில் சாவி கொடுக்கிறேன். அடுத்த மாதம் விசா முடிகிறது. ஊருக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கேள்விக்கு முழுப் பதிலையும் எழுதி வைத்துவிடுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் வாயைவிட என் கைக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஹஃபர் அல் பாதின் வரைக்கும் கவலை இல்லை. மலையாளிக் கடை இருக்கும், சில நாள் புட்டும் கடலையும்கூடக் கிடைக்கும். அதற்கு வடக்கே போகப் போக நம் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். காலையில் ஆப்கானிக்காரரின் ரொட்டிக் கடை எங்கே என்று பாருங்கள். அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடுகிற தமீஸ் ரொட்டி தாம்பாளம் அகலம் இருக்கும். கூடவே பூல் என்று ஒன்று தருவார்கள், பெரிய அவரைக்கொட்டையை வேகவைத்து மசித்தது. அது மதியம் வரை தாங்கும். மதியம் கப்ஸா, கோழியோடு வேகவைத்த சோறு. முழுக் கோழி சொல்லாதீர்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு அந்த நேர் ரோட்டில் உட்கார்ந்தால் கண் சொருகும். ஒரு தடவை நான் கண் விழித்தபோது வலது பக்கச் சக்கரமெல்லாம் மணலில் ஓடிக்கொண்டிருந்தது.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி வாசல் இருக்கும், திரை போட்டிருப்பார்கள். எனக்கு அரபி போர்டு படிக்கத் தெரியாது. முதல் வருடம் அதற்குள் நுழைந்துவிட்டேன். ஒருவரும் திட்டவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊரில் மறுபடி இறங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இன்னொன்று. அங்கே நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தனியாக நிற்கிறவனைக் கண்டால் "தஃபத்தல்" என்பார்கள். வா, உட்கார் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவனைக்கூடக் கூப்பிடுவார்கள், மனதாரக் கூப்பிடுவார்கள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி "கலாஸ்", சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு, பசியோடு வண்டிக்குத் திரும்பி நேற்றைய ரொட்டியைத் தின்பேன். இப்படியே நாலு வருடம் போயிற்று.

எந்தக் கடையில் ருசி என்று உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு கடையைப் பற்றி.

ரஃப்ஹாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஒரு பெட்ரோல் பங்க் வரும். பக்கத்தில் ஒரு பங்சர் கடை, அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. சுற்றிலும் வேறு எதுவும் கிடையாது. கடை ஒரு யமனிப் பெரியவருடையது. அவர் அராரில் வீட்டோடு இருந்தார், மதியத்துக்கு மேல்தான் வருவார். சமையல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். யாழ்ப்பாணத்துப் பக்கம் சாவகச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயரை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

முதல் இரண்டு டிரிப்பும் வாசலில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை "பார்சல் இல்லை அண்ணை" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"சோறு இருக்கு. பார்சல் பெட்டிதான் முடிஞ்சுது."

அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அதெல்லாம் கதைக்கிற ஆக்களுக்கு. கதைக்காத ஆக்கள் உள்ளுக்கு வந்து இருந்துதான் சாப்பிட வேணும். எங்கட கடைச் சட்டம்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கப்ஸா வரவில்லை. அவர் தனக்கென்று பின்னால் வைத்திருந்த சின்னச் சட்டியிலிருந்து சோறும் பருப்பும், காய்ந்த தேங்காய்த்துருவலில் இடித்த சம்பலும் வந்தன. எதிரே உட்கார்ந்து அவரே பேசினார். மகள் எட்டாம் வகுப்பு என்றார், வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, கதவு போட வேண்டும் என்றார். நான் எழுந்து கை கழுவும்போது, "அண்ணை, இண்டைக்கு எத்தினை சொல்லுக் கதைச்சனீங்கள் தெரியுமோ? எண்ணிக்கொண்டு இருந்தனான். ஒன்பது" என்றார்.

"இல்லங்க" என்றேன்.

"இப்ப பத்து."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தக் கடையைத் தாண்டி நான் சாப்பிடாமல் போனதில்லை. மாதம் இரண்டு தடவை. ரஃப்ஹாவிலிருந்து கிளம்பும்போது போன் அடிப்பேன். இரண்டாவது மணியில் அவர் கட் பண்ணுவார். கட் பண்ணினால் சோறு எடுத்து வைக்கிறார் என்று அர்த்தம். பேச வேண்டியதில்லை, அதனால் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. துபாய் சத்வாவில் ஒரு கடையில் நெத்தலிக் கருவாடு நன்றாக இருக்கும். அதை வாங்கிப் போய்க் கொடுப்பேன். வண்டி முழுக்க நாறும். அந்த ரோட்டில் என் பெயர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

வடக்கே பனிக்காலம் எப்படி இருக்கும் என்று துபாய், ஷார்ஜாவில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணாடியில் பனி கல்லாக உறைந்து நிற்கும். சூடான ஊரிலிருந்து போன நமக்கு அந்தக் குளிரை எப்படித் தாங்குவது என்று தெரியாது. நமக்குத் தெரிந்தது நெருப்பு மட்டும்தான். கடைக்கு வெளியே தேநீர்க் கெட்டில் வைக்கிற இரும்புக் கரி அடுப்பு எல்லா இடத்திலும் இருக்கும். கடை அடைத்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும். அதைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் சுகமாக இருக்கும், தூக்கமும் வந்துவிடும். கரியில் புகை தெரியாது. புகை தெரியாததால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஏதாவது ஒரு கேம்பில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை என்று பேச்சு வரும். நாமும் கேட்டுக்கொண்டு போய்விடுவோம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வெளிச்சம் வரத் தொடங்கும்போது ரஃப்ஹாவில் வண்டியை எடுத்தேன். போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து தானாக நின்றது. அடுப்படியில் இருப்பார் என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது, ஆனால் சூடு இல்லை. ஷட்டர் இறங்கியிருந்தது. அடுப்படிப் புகையை வெளியே தள்ளுகிற விசிறி சுற்றவில்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு வண்டிக்காரர்கள் ஷட்டரைப் பார்த்துவிட்டு அடுத்த பங்க்குக்குப் போய்விட்டார்கள். பங்சர் கடைப் பட்டான் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"பாய், துக்கான் பந்த்?" என்று மூடின ஷட்டரைக் காட்டிக் கேட்டேன்.

"ஸோ ரஹா ஹோகா" என்றார். தூங்குவான் என்றார். "இந்தக் குளிரில் யார் எழுந்திருப்பான்? எனக்கு முதலாளி இல்லையென்றால் நானும் எழுந்திருக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடைக்குப் பின்னால் அவருடைய அறை, தகர அறை. என் வண்டியிலிருந்து நாற்பது அடி இருக்கும். இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் தட்டினால் என்ன சொல்வது? தூங்குகிற மனிதரை எழுப்பி, சோறு போடுங்கள் என்றா? அவர் தினமும் வெளிச்சம் வருமுன் எழுகிறவர், ஒரு நாள் தூங்கட்டுமே. உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் முன்னால் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் கருவாட்டுப் பொட்டலம். எழுந்து அவராக வெளியே வந்தால் எனக்குத் தொல்லை இல்லை என்று காத்திருந்தேன்.

அரை மணி நேரம். வண்டிக் கடிகாரம் என் கண் முன்னால்தான் இருந்தது.

ஷார்ஜா ஆபீஸிலிருந்து போன் வந்தது. நம் ஊர்ப் பையன்தான். "அண்ணே, எங்க இருக்கீங்க? மதியத்துக்குள்ள பார்டர் லைன்ல நிக்கலேன்னா வெள்ளி, சனி லீவு, அப்புறம் ஞாயித்துக்கெழமதான். யல்லா, சீக்கிரம்."

"வந்துட்டே இருக்கேன்" என்றேன்.

பிரேக்கை விட்டேன். வண்டியைத் திருப்பி ரோட்டு முனைக்குக் கொண்டுவந்தேன். கருவாட்டை அடுத்த டிரிப்பில் கொடுத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். இடது பக்கம் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தபோது கடையின் வாசல் முழுதாகத் தெரிந்தது. கெட்டில் மேடை இருந்தது, சாம்பல் வாளி இருந்தது. கரி அடுப்பு இல்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வண்டியை ரோட்டுக்குக் குறுக்காக அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அறைக் கதவு உள்ளே தாழ். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் சாக்கைத் திணித்திருந்தார். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பட்டான் டயர் கம்பியோடு ஓடி வந்தார். இரண்டு பேருமாகக் கதவை நெம்பினோம். கதவு திறந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் போர்வையோடு அவரை இழுத்தேன். அடுப்பு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் முகம் வெளுக்கவில்லை. நன்றாகச் சிவந்து, ஆரோக்கியமான ஆள் தூங்குவதுபோல இருந்தது. மூச்சு இருந்தது. குறட்டைபோல ஒரு சத்தம், நடுநடுவே நின்று நின்று.

பட்டான் அவரைத் தன் கடைக்குள் தூக்கிப் போகலாம் என்றார். அங்கே மின்சார ஹீட்டர் இருக்கிறது, வெளியில் கிடந்தால் குளிரிலேயே செத்துவிடுவான் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அந்தக் காற்று எலும்பைத் தொட்டது. நான் வேண்டாம் என்றேன். அவருக்கு இப்போது சூடு வேண்டாம், காற்றுதான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "பாஹர் ரக்கோ", வெளியிலேயே வை என்று கத்தினேன். என்னிடம் அப்படி ஒரு குரலை எதிர்பார்க்காததாலோ என்னவோ பட்டான் கேட்டுக்கொண்டார். லோடு மூடுகிற தார்ப்பாயை விரித்து, அதன் மேல் படுக்க வைத்து, இருந்த போர்வையெல்லாம் போட்டோம். முகத்தை மட்டும் மூடவில்லை. வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்று ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். பட்டான் போன் பண்ணிக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை, "தம்பி, நான்தான். தம்பி, நான்தான்" என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

குறுக்காக நின்ற வண்டியைப் பங்க்குக்குள் விட்டுவிட்டு அவரோடு அராருக்குப் போனேன். ஆபீஸிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. சாயங்காலம் வெளியே வந்த மலையாளி நர்ஸ் என்னிடம், "சேட்டன்தான் கொண்டு வந்ததா? உயிருக்கு இனி பயம் இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு, "கொஞ்சம் நேரத்தே, முன்னாடியே வெளியே எடுத்திருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்றார். குற்றம் சொல்லவில்லை, சும்மா ஒரு வார்த்தையாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்.

அடுத்த டிரிப்பில் அவரைப் பார்த்தேன். யமனிப் பெரியவர் அவரை அராரில் தன் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தார். ஊருக்கு அனுப்பப் பேப்பர் தயாராகிக்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "வாங்கோ அண்ணை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அண்ணை வவுனியாவோ?" என்று கேட்டார்.

"இல்லங்க தம்பி, புதுக்கோட்டை. உங்க கடையில சாப்பிடுவேன்."

"அப்பிடியோ" என்றார்.

அவர் பேசவில்லை. அதனால் நான் பேசினேன். ரோட்டில் மழை பெய்ததைச் சொன்னேன். மழைக்குப் பிறகு பாலைவனத்தில் முளைக்கிற கிழங்கை ரோட்டோரம் கூறு கட்டி விற்பதைச் சொன்னேன். கருவாடு கொண்டு வந்திருப்பதாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு ஆளிடம் தொடர்ந்து அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவர் ஊருக்குப் போய் நாலு மாதம் கழித்து அவருடைய மனைவி போன் பண்ணினார். நடக்கிறாராம், மகளைத் தெரிகிறதாம், அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறாராம், அதனால் சமைக்க விடுவதில்லையாம். பிறகு சொன்னார்: "நீங்கள் வந்த உடனை கதவை உடைச்சபடியாலதான் இவர் இருக்கிறார் எண்டு கடை முதலாளி சொன்னவர். அந்த நன்றிய நாங்கள் மறக்க மாட்டம் அண்ணை."

வந்த உடனே இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அண்ணை, லைனில இருக்கிறீங்களோ?"

"இருக்கேம்மா."

அன்றைக்கு நான் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை பேசினோம். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன். ஊருக்குப் போன பிறகாவது சொல்ல வேண்டும்.

நம் வேலையில் வண்டியில் ஒரு சத்தம் மாறினால் உடனே ஓரம் கட்டுகிறோம். டயர் கொஞ்சம் சூடாகத் தெரிந்தால் இறங்கித் தட்டிப் பார்க்கிறோம். லோடு தாமதமாகும் என்று யோசிப்பதில்லை. அன்றைக்கு எனக்கு அடையாளம் ஒன்றா இருந்தது? கட் ஆகாத போன், இறங்கின ஷட்டர், நின்ற விசிறி. ஒரு வண்டியாக இருந்திருந்தால் மூன்றில் ஒன்றுக்கே இறங்கியிருப்பேன். மனிதர் என்பதால் தூங்குவார் என்று சொல்லிக்கொண்டேன். தட்டினால் தப்பாக நினைப்பாரோ என்ற பயம். ஐந்து வருடம் ஒருவர் கையால் சாப்பிட்டுவிட்டு, அவர் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். உங்களில் என்னைப்போல் வாயில்லாதவர்கள் ஒன்றிரண்டு பேராவது இருப்பீர்கள். சாவி வாங்கும்போது கண்ணைப் பார்க்காமல் கை நீட்டுவதிலேயே எனக்குத் தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே சாப்பிடுவது என்று கேட்டீர்கள். அந்தப் பங்க்கிலேயே சாப்பிடுங்கள். இப்போது அங்கே ஒரு வங்காளி சமைக்கிறார். சோறு சுமார்தான், உப்பு கூடவே இருக்கும். அவரும் தனி ஆள். பார்சல் வாங்காமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் போகும்போது கடை அடைத்திருந்தால் வண்டியில் உட்காராதீர்கள். பின்னால் போய்க் கதவைத் தட்டுங்கள். தூங்குகிறவர் எழுந்து வந்து திட்டினால், திட்டு முடியும்வரை நின்றுவிட்டு ஒரு டீ கேளுங்கள்.